சைக்கிள் அரைக் காராம்!

போன ஞாயிற்றுக்கிழமை பாரீஸிலிருந்து மகன் பேசினான். சுகர் எவ்வளவு, மாத்திரை இருக்கிறதா என்று விசாரித்து முடித்ததும் அவன் கேட்ட அடுத்த கேள்வி, "அப்பா, இன்னும் அந்த சைக்கிளை விக்கலியா?"

எங்கள் தெருக்காரர் ஒருவர் அவனுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறார். திண்டிவனம் சாலையில் நான் தனியாக சைக்கிள் மிதித்துப் போவதைக் காரிலிருந்து பார்த்தாராம். "அப்பாவுக்கு எழுபத்து நாலு வயசு ஆகுது, கொஞ்சம் சொல்லி வையுங்க தம்பி" என்று அறிவுரையும் சேர்த்திருக்கிறார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் மகன் தினமும் வேலைக்குப் போவது எதில் தெரியுமா? சைக்கிளில்! பாரீஸின் நடுவில் ரிவோலி வீதி என்று ஒன்று உண்டு, கார்கள் நெருக்கியடித்துக்கொண்டு போன வீதி. 2020-ல் அதன் பெரும்பகுதியை சைக்கிள்களுக்கு விட்டுவிட்டார்கள். அந்த வழியாகத்தான் அவன் போகிறான். அவனுக்கு முன்னாலும் பின்னாலும் என் வயதுக் கிழவர்களும், பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்த தாய்மார்களும் போவதாக அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

"அங்கே கிழவன் ஓட்டலாம், இங்கே கிழவன் ஓட்டக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அங்க ரோடு வேறப்பா" என்றான்.

அவன் வாயிலிருந்து தானாக வந்த அந்த மூன்று வார்த்தைகளில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. கோளாறு என் வயதில் இல்லை, ரோட்டில் இருக்கிறது. ஆனால் ரோட்டைத் திருத்து என்று யாரும் யாருக்கும் செய்தி அனுப்புவதில்லை. சைக்கிளை விற்றுவிடு என்றுதான் அனுப்புகிறார்கள். அதை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் எங்கே போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் மேடு ஏது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கடலும் சமதரையும்தான் அவர்கள் கண்ணில் படும். ராஜீவ் காந்தி சிலையைத் தாண்டி கோரிமேட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்பிப் பாருங்கள். காரில் போகிறவருக்கு அது ஏற்றம் என்றே தெரியாது. தொடைக்குத் தெரியும். ஜிப்மர் வருவதற்குள் மூச்சு வாங்கும். அங்கிருந்து வடக்கே செம்மண் மேடு ஏறியும் இறங்கியும் ஆரோவில் வரை போகிறது. உச்சியில் கடல்மட்டத்துக்கு மேல் ஐம்பது மீட்டர் அளவுதான் இருக்கும். மலை என்று சொன்னால் ஊட்டிக்காரர் சிரிப்பார். ஆனால் என் சைக்கிளில் கியர் கிடையாது. எனக்கு அது மலைதான்.

மாசி மாதம் அதற்கு ஏற்ற காலம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, கோரிமேட்டில் எல்லை தாண்டி, பட்டானூர், மொரட்டாண்டி வழியாக இரும்பைக்குத் திரும்புவேன். மாகாளேஸ்வரர் கோயில் குளக்கரையில் உட்கார்ந்து கொண்டுவந்த இட்லியைச் சாப்பிடுவேன். பிறகு முந்திரித் தோப்புகளின் பூ வாசனையில் மெதுவாக மேடேறி, குயிலாப்பாளையம் வழியாகக் கிழக்கே இறங்கினால் கடற்கரைச் சாலை. கோட்டக்குப்பம் வந்து வீடு சேர ஒன்பதரை, பத்து ஆகிவிடும். இருபத்தைந்து கிலோமீட்டர் சுற்று இருக்கலாம். மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறேன். ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

இந்த வழியில் என் ஆயுள் முழுவதும் இருக்கிறது. நான் பள்ளியில் படித்தபோது இரும்பைக்குக் கிழக்கே நின்றால் கண்ணுக்கு எட்டிய வரை வெறும் செம்மண்தான். ஆங்காங்கே பனைமரங்கள். மழை பெய்தால் ஓடைகளில் தண்ணீர் ரத்தம் போலக் கடலுக்கு ஓடும். நிலமே அரித்து அரித்துப் பள்ளத்தாக்குகளாகக் கிடந்தது. கடுவெளிச் சித்தர் இட்ட சாபத்தால்தான் இந்த மண் பாலையாயிற்று என்று கிராமத்துப் பெரியவர்கள் கதை சொல்வார்கள். 1968-ல் ஆரோவில் தொடங்கிய பிறகு, வந்தவர்களும் உள்ளூர்க்காரர்களுமாகச் சேர்ந்து கரை போட்டு மழைநீரைத் தேக்கி, லட்சக்கணக்கில் மரம் நட்டார்கள். இன்று அதே இடத்தில் நிழலில் மிதிக்கிறேன். ஒரு நிலத்தை மனிதர்கள் மாற்ற முடியும் என்பதை என் கண்ணாலேயே பார்த்தவன் நான். அதனால், "ரோடு அப்படித்தான் சார், என்ன பண்றது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

மெதுவாகப் போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ஒருவர் வகுப்பில் வெலோசியோ என்பவரைப் பற்றிச் சொல்வார். சொந்தப் பெயர் போல் தெ விவி. சேன்ட் எத்தியேன் என்ற மலையோர ஊர்க்காரர், சைக்கிள் பத்திரிகை நடத்தியவர், சைக்கிளில் ஊர் சுற்றுவதையே ஒரு தர்மமாக வளர்த்தவர். பசிக்கும் முன்பே சாப்பிடு, தாகம் எடுக்கும் முன்பே குடி, வீம்புக்காக மிதிக்காதே என்பதெல்லாம் அவர் வகுத்த விதிகளின் சாரம். நான் இன்றும் அதைத்தான் கடைப்பிடிக்கிறேன். இத்தனை நிதானமான அந்த மனிதர் 1930-ல் தன் ஊர்த் தெருவிலேயே டிராம் மோதி இறந்தார். ஓட்டுகிறவனின் நிதானம் மட்டும் போதாது, தெருவுக்கும் நிதானம் வேண்டும் என்பதற்கு அவரே சாட்சி.

இனி அந்த வலப்பக்கத் திருப்பத்துக்கு வருகிறேன்.

திண்டிவனம் சாலை இப்போது நான்கு வழிச் சாலை. நடுவில் மீடியன். இரும்பைக்குப் போக வேண்டுமானால் இடது ஓரத்தில் போகும் நான் இரண்டு தடங்களைக் கடந்து மீடியன் இடைவெளிக்கு வர வேண்டும். அங்கே நின்று, எதிரே பாய்ந்து வரும் இரண்டு தடங்களையும் கடக்க வேண்டும். சென்னை பஸ்கள், சனி ஞாயிறு சுற்றுலாக் கார்கள், கிராவலும் ஜல்லியும் ஏற்றிய டிப்பர்கள். நிற்பதற்கு அந்த இடைவெளியில் போதிய இடம் கிடையாது. முன்சக்கரம் ஒரு தடத்திலும் பின்சக்கரம் இன்னொரு தடத்திலும் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு வேனின் கண்ணாடி என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. வீட்டில் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் என் மனைவிக்கே தெரியப்போகிறது.

போன மாதம் ஒரு காலை ஏழரை மணிக்கு அங்கே நின்றுகொண்டிருந்தேன். வலது கையை நீட்டி, நான் படித்த விதிப்படி சைகை காட்டிக்கொண்டே ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். ஒருவரும் வேகத்தைக் குறைக்கவில்லை. பின்னால் யூனிஃபார்ம் போட்ட மூன்று பெண் பிள்ளைகள் சைக்கிளோடு வந்து நின்றார்கள். அரசு கொடுத்த இலவச சைக்கிள்கள். பிளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸுக்குப் போகிறார்களாம்.

அதில் ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "தாத்தா, கை காட்டினா யாரும் நிக்க மாட்டாங்க. திரும்பற லாரி எதனா வரும். அது பக்கத்துல ஒட்டினாப்புல போயிடணும். லாரிக்குன்னா நிப்பாங்க" என்றாள்.

சொன்னபடியே செங்கல் ஏற்றிய லாரி ஒன்று வந்து திரும்பியது. மூவரும் அதன் இடப்பக்க நிழலில் ஒட்டிக்கொண்டு கடந்தார்கள். "வாங்க தாத்தா!" என்று அந்தப் பெண் கத்தினாள். நானும் போனேன். லாரியின் பின்சக்கரம் என் கால் பெடலிலிருந்து ஒரு முழ தூரத்தில் உருண்டது.

குளக்கரையில் உட்கார்ந்தபோது இட்லி இறங்கவில்லை. பதினேழு வயதுப் பெண்ணுக்கு லாரிச் சக்கரத்தின் பக்கத்தில் ஒட்டிப் போவது ஒரு வித்தையாகப் பழகிவிட்டது. அதை ஒரு கிழவனுக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்குத் தேர்ச்சியும் பெற்றுவிட்டாள். தமிழ்நாட்டில் 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விரிவாக்கிய நல்ல திட்டம் அந்த இலவச சைக்கிள். எத்தனையோ பெண்கள் பத்தாம் வகுப்போடு நிற்காமல் படித்ததற்கு அது ஒரு காரணம். ஆனால் ஒரு கையால் சைக்கிளைக் கொடுத்து, மறு கையால் அது ஓட வேண்டிய இடத்தைப் பிடுங்கிக்கொண்டால் என்ன அர்த்தம்? பேனாவைக் கொடுத்துவிட்டு, எழுதுவதற்குக் காகிதம் இல்லை என்பதுபோல அல்லவா இருக்கிறது?

இந்த இடத்தில் என் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றவர்களைத் திட்டிவிட்டு நான் நழுவிவிடக் கூடாது. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவன். சாலைக் கோப்புகள் என் மேஜை வழியாகவும் போயிருக்கின்றன. எஸ்டிமேட்டில் கூட்டல் சரியா, இணைப்புகள் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து டிக் அடித்து மேலே அனுப்பியிருக்கிறேன். மீடியனுக்குத் தொகை இருந்தது, விளக்குக் கம்பத்துக்கு இருந்தது, திறப்பு விழாக் கல்வெட்டுக்கும் இருந்தது. சைக்கிளுக்கு என்று ஒரு வரி பார்த்த ஞாபகம் இல்லை. "சைக்கிளுக்கு என்ன செய்திருக்கிறார்கள்?" என்று ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அப்போது தினமும் சைக்கிளில்தான் அலுவலகத்துக்குப் போய்வந்தேன் என்பது இன்னும் கேவலம்.

ஆனால் அந்தக் கோப்புகளில் சைக்கிள் வேறு ஓர் இடத்தில் வரும். போக்குவரத்துக் கணக்கெடுப்பில்! பொறியாளர்கள் எல்லா வண்டிகளையும் காராக மாற்றித்தான் கூட்டுவார்கள். பி.சி.யு. என்று பெயர். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990-ல் கிராமப்புறச் சாலைகளுக்குக் கொடுத்த கணக்குப்படி கார் என்றால் ஒன்று. லாரி, பஸ் மூன்று. பெரிய மாட்டு வண்டி எட்டு! சைக்கிள் அரை. மாட்டு வண்டி எப்படி எட்டுக் கார் ஆகும் என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒரு இளநிலைப் பொறியாளர் விளக்கினார். வண்டியில் போகிறவர்களின் எண்ணிக்கையோ அவர்களின் தேவையோ அதில் சேராது. கார் போவதற்கு அது எவ்வளவு இடைஞ்சல் என்பதுதான் அந்த எண். ஆக, சைக்கிள் என்பது அரைக் கார் அளவுக்கு ஒரு இடைஞ்சல். சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று காட்டுவதற்கு அந்த அரையையும் கூட்டிக்கொள்கிறார்கள். அகலப்படுத்திய பிறகு அந்த அரைக்கு அரை அடி இடம் கொடுத்தார்களா?

விதி இல்லாமலும் இல்லை. அதே ரோட்ஸ் காங்கிரஸ் 1962-லேயே சைக்கிள் தடங்களுக்கு என்று ஒரு விதிமுறை போட்டது. மோட்டார் வண்டிகள் மணிக்கு 200-க்கு மேல் போகும் சாலையில், உச்ச நேரத்தில் மணிக்கு 100 சைக்கிள் போனாலே தனித் தடம் நியாயம் என்று அதில் இருந்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால்! அப்போதே ஒழுங்காகச் செய்திருந்தால் இன்று நான் இதை எழுத வேண்டியதில்லை.

"இப்போ யாரு சார் சைக்கிள் ஓட்டறாங்க?" என்று கேட்பார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் என்னைப்போல ஒரு காலத்தில் ஓட்டி, பயந்து நிறுத்தியவர்கள். ஒரு ஹோட்டலின் வாசலில் பெரிய பள்ளம் தோண்டிவிட்டு, சாப்பிட யாரும் வரவில்லை, இந்த ஊரில் யாருக்கும் பசியே இல்லை என்று சொல்லலாமா? பள்ளத்தை மூடிவிட்டு எண்ணுங்கள். இன்னொன்று, ஓட்டுகிறவர்களே இல்லை என்பதும் பொய். விடியற்காலையில் அந்தச் சாலையில் நின்று பாருங்கள். கட்டட வேலைக்குப் போகிற கொத்தனார்கள், பால்காரர், பூக்காரர், அந்தப் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் காரில் போகிறவர்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

"ஓரமாகப் போக வேண்டியதுதானே?" என்பார்கள். ஓரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள், உண்மை. அதில் இளநீர் வண்டி நிற்கிறது, பஞ்சர் கடையின் டயர் அடுக்கு இருக்கிறது, பழுதான லாரி நிற்கிறது, எதிர்த்திசையில் மோட்டார் சைக்கிள் வருகிறது. இளநீர்க்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிழைக்க வந்தவர். அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்காததால் அவரையும் என்னையும் ஒரே ஐந்தடியில் மோதவிட்டிருக்கிறார்கள்.

"வயசான காலத்துல எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிக்கலாமே?" என்பார்கள். எனக்குப் போய்ச் சேருவது முக்கியமில்லை. முழங்காலை மடக்கி நீட்டுவதுதான் எனக்கு வைத்தியம். முந்திரிப்பூ வாசனை நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மூக்குக்கு எட்டாது. அது இருக்கட்டும், அந்த வலப்பக்கத் திருப்பத்தில் ஸ்கூட்டர்காரனையும் யாரும் மதிப்பதில்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. பழைய பழக்கத்தில் எண் போட்டே எழுதுகிறேன்.

1. கிராமச் சாலைகள் வந்து சேரும் ஒவ்வொரு மீடியன் இடைவெளியிலும் ஒரு சைக்கிள் முழு நீளத்துக்கு நிற்கும்படி, ஆறேழு அடிக்குக் குறையாமல், காப்பான இடம் வேண்டும்.

2. அந்த இடங்களுக்கு முன்னால் இரு திசைகளிலும் வேகத்தைக் குறைக்க வைக்கும் ஏற்பாடு வேண்டும். பள்ளி நேரத்திலாவது ஒரு போலீஸ்காரர் வேண்டும்.

3. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள இடம் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் மட்டும் என்று அறிவித்து, கடைக்காரர்களுக்கு மாற்று இடம் கொடுக்க வேண்டும்.

4. இனி எந்தச் சாலை எஸ்டிமேட் போட்டாலும் சைக்கிளுக்கு என்று ஒரு தனி வரி இருக்க வேண்டும். தொகை பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தாவது கீழே டிக் அடிக்கும் குமாஸ்தாவுக்கு உறுத்தும்.

கார் ஓட்டும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் ஒரு மீட்டர், ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது பிரான்சில் சட்டம். இங்கே சட்டத்துக்குக் காத்திருக்காமல் நீங்களாகவே விடலாம். ஹாரன் அடித்தால் நாங்கள் ஒதுங்க மாட்டோம், திடுக்கிட்டு உள்ளே சாய்வோம். அடிக்காமல் மெதுவாக முந்துங்கள்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் சொன்னார்கள் என்று சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டவர்கள் நம்மில் அநேகம். உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் கண்ணும் காதும் சரியில்லாத அன்று தானாகவே நிறுத்திவிடுவேன். ஆனால் நாம் ஒவ்வொருவராக வீட்டுக்குள் போய்விட்டால், அந்தத் திருப்பத்தில் பிள்ளைகள் மட்டும்தான் மிச்சம் இருப்பார்கள். மனு எழுத அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், வாழ்நாள் முழுவதும் அதைத்தானே செய்தோம்.

இரும்பைத் திருப்பத்தைப் பற்றி மனு எழுதி முடித்துவிட்டேன். இரண்டு மாநிலத்திலும் யார் யாருக்கு அனுப்ப வேண்டுமோ அவர்களுக்கெல்லாம் தபாலில் போகிறது. ஒப்புகைச் சீட்டு வந்ததும் சொல்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம். பத்து மணிக்கு முன்னால் வராதீர்கள், நான் சைக்கிளில் போயிருப்பேன்.

மகனிடம் அன்று இப்படிச் சொல்லி முடித்தேன்: "சைக்கிளை விக்கறதா இல்லை. லீவுல நீ வரும்போது வாடகைக்கு ஒண்ணு எடுத்து வைக்கிறேன். இரும்பை வரைக்கும் சேர்ந்து போவோம். அந்தத் திருப்பத்தை நீயே ஒரு தடவை பாரு. அப்புறம் எதை விக்கணும்னு சொல்லு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஹெல்மெட்டாவது போட்டுக்குங்கப்பா" என்றான். போட்டுக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.